சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய தூரம் 15,349 கி.மீ. அதாவது 8,288 கடல் மைல். இந்த ஜோடிக்கு இணையக் கால்குலேட்டரே தேவையில்லை. இரண்டுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை என்பதால், குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகும். 180-இலிருந்து இரண்டு அட்சரேகைகளையும் (1.4, 40.6) கழியுங்கள்: 138. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,346.

அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் தூரம் கணக்கிடும் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் நியூயார்க் மேற்கில் இருப்பதை மறக்க வேண்டாம். தீர்க்கரேகை மைனஸ் 73.78. மைனஸ் விட்டுப்போனால் 5,300 சொச்சம்தான் வரும். விமானம் கிர்கிஸ்தானில் போய் இறங்கிவிடும்!

* * *

தூரம் சரி. அதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ-ஆல் வகுத்து "17 மணி நேரம்" என்று எழுதுவதில்தான் தப்பு. அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். அது வாயிலிலிருந்து வாயில் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். தரையில் மட்டும் அரை மணி நேரம் சாதாரணமாகப் போகும்.

பெரிய காரணம் வேறு. விமானம் வழக்கமாகத் துருவம் வழியாகப் போவதில்லை. பசிபிக் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்றைப் பிடித்துக்கொண்டு, 16,000 கி.மீ-க்கும் அதிகமாகச் சுற்றித்தான் போகிறது. வழி நீண்டாலும் பின்காற்று ஈடுகட்டிவிடும். அந்தக் காற்று தினமும் இடம் மாறும், அதனால் பாதையும் மாறும்.

* * *

திரும்பும்போது எதிர்காற்றுதானே என்று கேட்பார்கள். இந்தத் தடத்தில் அப்படி இருந்தாக வேண்டியதில்லை. ஊர்கள் உலகின் எதிரெதிர்ப் பக்கம் என்பதால், நியூயார்க்கிலிருந்தும் கிழக்கே கிளம்பி அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரலாம். போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று! வேறு எந்தத் தடத்துக்கும் இதை அப்படியே பொருத்தாதீர்கள்.

ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும்) ரக விமானம் இதற்கென்றே செய்தது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இருக்கை 161 மட்டுமே. எகானமி வகுப்பு கிடையாது.

* * *

உள்ளூர் நேரம் பார்ப்பவர்களுக்கு: நியூயார்க் குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால், கோடையில் 12. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும் நாட்கள். சிங்கப்பூரில் மாற்றமே இல்லை.

குளிர்காலத்தில் நள்ளிரவு 12-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அதே தேதி காலை 5.30-க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது இரவு 10-க்குக் கிளம்பினால் மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள் காலை 5.30. சீட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் அறை முன்பதிவு செய்தால் ஒரு நாள் வாடகை வீண்.