ஜேபெக் ஆனதும் சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கலங்குது?

டிடிபி மணி:
கண்ணீர் அஞ்சலி பேனர். கறுப்பு மேல சிவப்புப் பேர், வெள்ளையில விவரம். பிஎன்ஜியில கத்தி மாதிரி இருந்தது. இமேஜ்மேஜிக்ல (படம் மாத்துற மென்பொருள்) தரம் 85 வச்சு ஜேபெக் ஆக்கினதும் சிவப்புல இருந்த ‘ண’ சுழியெல்லாம் மங்கல் சிவப்பா அடைச்சுக்கிச்சு. வெள்ளை எழுத்துக்கு ஒண்ணும் ஆகல. அதுதான் உறுத்துது.

பிக்சல் பித்தன்:
தரம் 85 குற்றவாளி இல்லண்ணே. 90-க்குக் கீழ போனா இமேஜ்மேஜிக் தானாவே 4:2:0-ங்கிற நிறச் சுருக்கத்துக்கு மாறிடும். வெளிச்சம் முழுசா இருக்கும், நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே வெளிச்சத்துலதான், அதனால தப்பிச்சுது. ‘சாம்ப்ளிங் ஃபேக்டர்’ 4:4:4-னு (ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம்) கொடுங்க, 85-ஐத் தொடவே வேண்டாம்.

ஓவியா_பிரஸ்:
தட்டை நிறத்துக்கு ஜேபெக்கே எதுக்கு? பிஎன்ஜியாவே அனுப்பலாமே. ‘வெப்பி’ (WebP) ஃபார்மட்னு யாராவது கிளம்புறதுக்குள்ள சொல்லிடறேன்: இழப்புள்ள (விவரத்தை விட்டுச் சுருக்குற) வெப்பி எப்பவும் 4:2:0தான். இழப்பில்லாததுக்குப் போனாலும் ஒரு பக்கம் 16,383 பிக்சல்தான் எல்லை. 10 அடி பேனர், 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்): 18,000 பிக்சல். ஏறாது.

ரா ஃபைல் ராஜா:
இதே மாதிரி பேனர்ல இறந்தவர் முகம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். ஐஃபோன்ல எடுத்த ஹெய்க் (HEIC) ஃபார்மட் படம். அதுல நிறம் டிஸ்ப்ளே பி3-ங்கிற அகலமான நிறவெளியில இருக்கும். ஃபைல் சின்னதாகட்டும்னு ‘ஸ்ட்ரிப்’ (கூடுதல் தகவலை நீக்குற கட்டளை) போட்டா நிற ப்ரொஃபைலும் சேர்ந்து போயிடும், வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளினு நினைச்சுத் திறக்கிற மென்பொருள்ல நிறம் செத்துடும். வரிசை முக்கியம். முதல்ல படத்தை நேரா நிமிர்த்துற ‘ஆட்டோ ஓரியன்ட்’, இல்லன்னா படுத்துக்கிட்டு வரும். அப்புறம் எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தணும். கடைசியிலதான் ‘ஸ்ட்ரிப்’. பின்னணி வெட்டின பிஎன்ஜியா இருந்தா வெள்ளைப் பின்னணி கொடுத்துத் தட்டையாக்கிட்டு ஜேபெக்குக்குப் போங்க, இல்லன்னா சுத்தியும் கறுப்பு வந்து நிக்கும். வாட்ஸ்அப்ல வாங்கினா டாக்குமென்டா வாங்குங்க. எல்லாத்துக்கும் தரம் 100 வச்சுட்டா கவலையே இல்ல.

பிக்சல் பித்தன்:
கடைசி வரி மட்டும் ஒத்துக்க முடியாது. 100-லயும் இழப்பு உண்டு, ஃபைல்தான் ஊதும். ஏற்கெனவே ஜேபெக்கா வந்ததை 100-ல சேமிச்சாலும், பிஎன்ஜி ஆக்கினாலும் போனது திரும்பாது. ஜேபெக் படத்தைச் சுழற்ற மட்டும் வேணும்னா எடிட்டர்ல திறந்து சேமிக்காதீங்க, இழப்பில்லாம சுழற்றுற ‘ஜேபெக்டிரான்’ கருவி போதும். 4:2:0 படத்துல அகலமும் உயரமும் 16-ஆல வகுபடணும், இல்லன்னா ஓரத்துல ஒரு கீத்து சுழலாம நிக்கும். கட்டளையில ‘பெர்ஃபெக்ட்’ சேர்த்துட்டா அப்படிப்பட்ட படத்தை அதுவே மறுத்துடும்.