ஓய்வுக்காலச் சேமிப்பு: யார் சொல்வதை நம்பி முடிவெடுப்பது?

கேள்வி:
இன்னும் பத்து ஆண்டுகளில் பணி ஓய்வு பெற இருக்கிறேன். இதுவரை சேர்த்ததை எங்கே வைப்பது, இனி மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்குவது என்று விசாரித்தால் வங்கியில் ஒன்று சொல்கிறார்கள், காப்பீட்டு முகவர் வேறொன்று சொல்கிறார், இணையக் காணொளிகளோ இரண்டையும் மறுக்கின்றன. கேட்கும்போது எல்லாமே சரியாகத்தான் படுகிறது. நிதித்துறை அறிவு இல்லாத ஒருவர் நம்பத்தகுந்த தகவலை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
ஐயா, சொல்லப்படும் யோசனையை ஆராய்வதற்கு முன், சொல்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். விற்கும் திட்டத்திலிருந்து தரகு பெறுபவர் நேர்மையானவராகவே இருந்தாலும், தரகு இல்லாத திட்டத்தைப் பற்றி உங்களிடம் பேச அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. உங்களிடம் மட்டுமே கட்டணம் பெறும் ஆலோசகரிடம் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் இணைப்பின் வழியாகப் போக வேண்டாம்.

கட்டணத்தைச் சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும் முதலீட்டில் போட்ட 100, 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 574 ஆகும். அதில் 1 விழுக்காடு கட்டணமாகப் போய் 5 மட்டுமே நின்றால், கிடைப்பது 432தான். எனக்குப் பத்து ஆண்டுகள்தானே என்று எண்ண வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் பணத்தின் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கப் போகிறது.

பதில் 2:
மேலே சொன்னதோடு, எந்தப் பொதுவிதியைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஓய்வின் முதலாண்டில் சேமிப்பில் 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலைவாசி உயர்வுக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்ற விதி பல காணொளிகளில் வருகிறது. அது அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்கப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் 1926 முதல் ஈட்டிய வருமானத்தை வைத்து, பணம் 30 ஆண்டுகள் தாங்குமா என்று அவர் கணக்கிட்டார். வேறொரு நாட்டின் பணவீக்கத்துக்கோ, 55 வயதிலேயே ஓய்வு பெறுபவருக்கோ அதை அப்படியே பொருத்துவது சரியாகாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முகவர் கொடுத்த விளக்கத் தாளில் முதிர்வுத் தொகை தெளிவாகவே இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில் 3:
அந்தத் தொகைக்குப் பக்கத்திலோ கீழேயோ "உத்தரவாதம்" என்று எழுதியிருக்கிறதா, "மதிப்பீடு" என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தாள்களில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கும். பேச்சில் வருவது பெரும்பாலும் பெரிய எண் மட்டுமே. விளக்கத் தாள் விற்பனைக்காகத் தயாரிக்கப்படுவது, உங்களைக் கட்டுப்படுத்துவது திட்டத்தின் ஒப்பந்த ஆவணம் என்பதால், கையெழுத்திடும் முன் அதன் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இடையில் பணத்தை எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை ஆண்டுகள் எடுக்கவே முடியாது என்ற இரண்டையும் அதில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொன்னது அதில் இல்லையென்றால், மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினாலோ, சலுகை இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினாலோ, அந்தத் திட்டத்தை விட்டுவிடுவதே நல்லது.