ஆய்வு சொல்லும் 400 மீட்டரைத் திட்டத்தில் அப்படியே போடலாமா?

கேள்வி: பேருந்து நிறுத்தத்துக்கு மக்கள் நடந்து வரும் எல்லை 400 மீட்டர் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்வதை எடுத்துக்கொள்கிறோம். வரைபடத்தில் வட்டம் போட்டு மக்கள்தொகையைக் கணக்கெடுத்தால் போதுமா?

பதில் 1: போதாது. மக்கள் தெரு வழியேதான் நடக்கிறார்கள். சீரான கட்டத் தெருக்களிலேயே வட்டப் பரப்பில் சுமார் 64 சதவீதம்தான் 400 மீட்டர் நடைக்குள் வரும். முட்டுச்சந்துகள் நிறைந்த இடத்தில் இன்னும் குறையும். ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் தெரு வலைப்பின்னலை வைத்து நடைதூரத்தைக் கணக்கிடுங்கள். வாகனச் சாலைகள் மட்டும் உள்ள கோப்பில் நடைமேம்பாலம், சந்து எல்லாம் விடுபட்டிருக்கும். அவற்றைக் கையால் சேர்த்தே ஆகவேண்டும்.

பதில் 2: 400 என்பதும் பொதுவான எண்தான். ரயிலுக்கு 800 வரை நடப்பார்கள், முதியவர்களுக்கு 400 கூட அதிகம். அந்த ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையோடு நிறுத்தாமல், யாரிடம், எந்த மாதிரித் தெருக்களில் அளந்தார்கள் என்று பாருங்கள். நம் நிறுத்தத்திலேயே பயணிகளிடம் புறப்பட்ட இடத்தைக் கேட்டுச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.