கொழும்புக் குளிரும் கொல்லைக் கோழிகளும்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் கொழும்புக்கு வந்து, தெகிவளைப் பக்கம் வாடகை வீடு பிடித்து, கொல்லையில் நாலு கோழியும் விட்டிருப்பவர்களுக்காக இது. வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டீர்கள்தானே? சரி.

கொழும்பில் ஏது குளிர் என்றுதான் நானும் இருந்தேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் இருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் குளிரில் செத்தன. கொழும்பில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஊதக்காற்று, புகைமூட்டம். பள்ளிக்கூடங்களுக்கே ஒரு நாள் விடுமுறை விட்டார்கள்.

பயந்துபோய்க் கூட்டைச் சுற்றித் தறப்பாளால் இறுக்கிக் கட்டிவிட்டேன். (நம் தார்ப்பாய்தான். கடையில் தறப்பாள் என்று கேளுங்கள்.) காலையில் அவிழ்த்தால் எச்சத்தின் நெடியில் கண் எரிகிறது. உட்புறமெல்லாம் நீர் கோத்துச் சொட்டி, கீழே உமி ஈரம். அந்த வாரமே மூன்று கோழிக்குச் சளி, ஒன்று போயே போய்விட்டது. குளிரிடமிருந்து காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் செய்த வேலை.

கோழியின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 41 டிகிரி. இறகு உலர்ந்திருந்தால் 20 டிகிரிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இறகில் காற்று அடித்தால்தான் ஆபத்து. அதனால் காற்று வரும் பக்கத்தை மட்டும், கோழி அமரும் உயரம் வரை மறையுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். தரையில் நாலு விரல் உயரத்துக்கு உமி, ஈரமானதை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும். அடையும் நேரத்தில் ஒரு பிடி சோளம் போட்டால், அது செரிக்கும் சூட்டிலேயே இரவு கழியும். தொப்பலாக நனைந்த கோழியைத் துண்டால் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு ராத்திரிதானே.

தாயில்லாக் குஞ்சுகள் வேறு கதை. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைக்கலாம். எல்இடி பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்புதான் சரி. அதையும் உமியில் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். கரண்ட் போனால் போத்தலில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றி நடுவில் வையுங்கள். கரிச்சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், மூடிய கூட்டில் அதன் நச்சுப்புகை ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றால் அது குளிர் அல்ல, ராணிக்கெட் என்ற கோழித் தொற்றுநோயாக இருக்கலாம். உடனே தனியே பிரித்துவிட்டு, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள். மற்றக் கோழிகளுக்கு என்றைக்குத் தடுப்பூசி போட்டீர்கள் என்று கேட்பார்கள், தேதியைக் குறித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.