புரொசீஜருக்குள் இருந்து கோப்பை நகர்த்தினால் "பாதை இல்லை" என்கிறது

அம்பை ஆலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டும் என் தலையில். எடைமேடை அறையில் இருக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொரு நெல் லோடுக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுதும். வண்டி எண், ரகம், லோடோடு எடை, காலி வண்டி எடை எல்லாம் அதில் இருக்கும். அந்த ஃபோல்டரை ஆபீஸ் சர்வரில் இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறேன். தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர் 2019, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு.

ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து ஓட்டுகிற நிரல்) ஒன்று எழுதி, கோப்பை மொத்தமாக ஏற்றுகிற பல்க் இன்சர்ட் கட்டளையால் டேபிளில் ஏற்றி, கையோடு எக்ஸ்பி_சிஎம்டிஷெல் (தரவுத்தளத்திலிருந்தே விண்டோஸ் கட்டளையை ஓட்டுகிற வசதி) மூலம் "முடிந்தவை" ஃபோல்டருக்கு நகர்த்திவிடலாம் என்று நினைத்தேன். சி டிரைவில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. இசட் டிரைவுக்கு மாற்றியதும் பாதையே இல்லை என்கிறது. அதே சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அதே மூவ் கட்டளையைக் கொடுத்தால் கோப்பு நகர்கிறது! பிசான அறுவடை தொடங்கிவிட்டால் மில் வாசலில் லாரி வரிசை கட்டிவிடும், அதற்குள் இதை முடிக்கணும்.

இன்னொன்று. ரகம் "அம்பை 16" என்று வரவேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறியும் ஒரு 16-உம் வருகிறது. பல்க் இன்சர்ட்டில் கோட்பேஜ் 65001 (தமிழையும் படிக்கிற யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீடு) கொடுத்துத்தான் இருக்கிறேன்.

வண்ணார்பேட்டை வாசி:
மேப் செய்த டிரைவ் நீங்கள் லாகின் செய்த செஷனுக்கு மட்டும்தான் தெரியும். எஸ்க்யூஎல் சர்வர் ஒரு சர்வீஸ், யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடுவது, அதற்கு இசட் என்று ஒன்றே கிடையாது. கம்ப்யூட்டர் பெயர், ஷேர் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்துப் பாருங்க.

அம்பை ஆலைக்காரன்:
கொடுத்துவிட்டேன் அண்ணாச்சி. பாதை கிடைத்துவிட்டது, ஆனால் இப்போது அனுமதி இல்லை என்கிறது. எடைமேடை கம்ப்யூட்டரில் எவ்ரிஒன் (எல்லாருக்கும் அனுமதி) போட்டு ஷேர் செய்தும் அதே கதைதான். எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கிற டொமைன் எல்லாம் இல்லை, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தனிக் கணக்கு வைக்கிற சாதா ஒர்க்குரூப்.

பாளை அக்கா:
தம்பி, புரொசீஜரை ஓட்டுவது நீங்கள்தான், ஆனால் அதற்குள் இருக்கிற மூவை ஓட்டுவது நீங்கள் இல்லை. சிஸ்அட்மின் (தரவுத்தளத்தின் முழு நிர்வாகி) உரிமையோடு எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை அழைத்தால், எஸ்க்யூஎல் சர்வரின் சர்வீஸ் கணக்கின் பெயரில்தான் கட்டளை ஓடும். நிறுவும்போது எதையும் மாற்றவில்லை என்றால் அது விண்டோஸே பார்த்துக்கொள்கிற ஒரு மெய்நிகர் கணக்கு. நெட்வொர்க்கில் வெளியே போகும்போது அது சர்வர் கம்ப்யூட்டரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும். டொமைன் இருந்தால் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. ஒர்க்குரூப்பில் எடைமேடை கம்ப்யூட்டருக்கு அது யாரோ ஒரு அந்நியன். எவ்ரிஒன் என்பதில் பெயர் தெரியாத அந்நியன் சேர்த்தி இல்லை.

அதனால் ஷேரைத் திருப்பிப் போடுங்க. ஃபோல்டர் சர்வரிலேயே இருக்கட்டும், எடைமேடை கம்ப்யூட்டர் அங்கே வந்து எழுதட்டும். சர்வருக்கு அது சொந்த டிஸ்க், பஞ்சாயத்தே வராது. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் சர்வீஸ் கணக்குக்கு (விண்டோஸ் லாகினில் ஓட்டினால் அந்த லாகினுக்கு) படிக்கிற அனுமதி கொடுத்தால் போதும்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். நகர்த்துகிற வேலையை புரொசீஜரில் வைக்காதீங்க. பல்க் இன்சர்ட் முடிந்தது, கோப்பு "முடிந்தவை"க்குப் போய்விட்டது, அடுத்த வரியில் ஏதோ பிழை என்று வையுங்கள். டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும், அதாவது ஒரே தொகுப்பாக ஓடிய தரவுத்தள வேலை முழுக்க ரத்தாகும். டேபிளில் ஏறிய வரி மறைந்துவிடும், போன கோப்பு திரும்பி வராது. ஒரு லாரி நெல் குடோனில் இறங்கியிருக்கும், கணக்கில் இருக்காது. நெல் போட்ட சம்சாரி பணம் கேட்டு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

போதாததற்கு எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லில் ஒரு ஜோடி இரட்டை மேற்கோளுக்கு மேல் போட முடியாது. இரண்டு பாதையிலும் இடைவெளி இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கோப்புப் பெயரில் பார்ட்டி பெயர் வந்து, அதில் "அன் கோ"வுக்கு உள்ள அந்தச் சுழிக்குறி (&) வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதை விண்டோஸ் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 2005 பதிப்பிலிருந்தே அதைச் சும்மாவா மூடி வைத்துக் கொடுக்கிறார்கள்? நீங்களும் மூடிவிடுங்க.

நான் செய்வது இப்படி. புரொசீஜர் கோப்பைப் படிக்கும், ஏற்றும், அதே டிரான்சாக்ஷனில் கோப்பின் பெயரையும் தனி டேபிளில் யுனிக் கட்டுப்பாட்டோடு (ஒரே பெயர் இரண்டு தடவை ஏறாதபடி) பதியும். பெயர் ஏற்கெனவே இருந்தால் எதையும் ஏற்றாமல் வெற்றி என்று திரும்பும். நகர்த்துவது வெளியே ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட். எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரத்துக்கு ஓட்டுகிற ஏஜென்ட் கிடையாது, அதனால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போடணும். புரொசீஜரை ஓட்ட ஸ்கிரிப்ட் எஸ்க்யூஎல்சிஎம்டியை (எஸ்க்யூஎல் சர்வருக்கான கட்டளைக் கருவி) அழைக்கும்போது சின்ன பி சுவிட்சை விட்டுவிடாதீங்க. அது இல்லாவிட்டால் உள்ளே பிழை வந்தாலும் வெளியே பிழை இல்லை என்கிற பூஜ்யம்தான் வரும், ஸ்கிரிப்ட் சந்தோஷமாக கோப்பை நகர்த்திவிடும்.

கேள்விக்குறி: டேபிளில் ரகத்துக்கான உங்கள் காலம் (நெடுவரிசை) வார்சார் வகை, அதை எல்லா மொழி எழுத்தும் தாங்குகிற என்வார்சார் ஆக்குங்க. கோப்பையே தப்பாகப் படித்திருந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள் வரும். கேள்விக்குறி வந்தால் படித்தது சரி, வைக்கிற இடத்தில் தமிழுக்கு இடமில்லை என்று அர்த்தம். அ, ம, புள்ளி, ப, ஐகாரக் கொம்பு, ஆக ஐந்து. எண்ணிப் பாருங்க.

களக்காட்டான்:
ஆரக்கிள் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவன் ஒரு வார்த்தை. எங்களுக்கு கோப்புகளைக் கையாள யுடிஎல்_ஃபைல் என்ற தொகுப்பு இருக்கிறது, டைரக்டரி ஆப்ஜெக்ட் (ஃபோல்டரைச் சுட்டுகிற பெயர்) ஒன்று உருவாக்கி அனுமதி கொடுத்தால் நகர்த்த, அழிக்க, நகலெடுக்க எல்லாம் முடியும், ஷெல்லே வேண்டாம். ஆனால் அதுவும் சர்வர் டிஸ்க்கைத்தான் பார்க்கும், அதுவும் ரோல்பேக் ஆகாது. அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும்.

அம்பை ஆலைக்காரன்:
ஷேரைத் திருப்பிவிட்டேன் அக்கா, ஓடுகிறது. அம்பை 16-உம் வந்துவிட்டது. ஷெட்யூலரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வைக்கலாமா?

பாளை அக்கா:
வைக்கலாம். அதற்கு முன்னால் ஒன்று பாருங்க. வண்டி லோடோடு ஏறும்போதே கோப்பு உருவாகிறதா, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதா?

அம்பை ஆலைக்காரன்:
ஏறும்போதே உருவாகிறது. காலி எடை பிறகு அதே கோப்பில் சேரும்.

பாளை அக்கா:
அப்படியானால் பாதிக் கோப்பைத் தூக்கிவிடுவீர்கள். பெயரும் பதிவாகிவிடுவதால் காலி எடை பிறகு ஏறவே ஏறாது. எடைமேடை மென்பொருள் கொடுத்தவரிடம் சொல்லி, முதல் எடைக்கு டிஎம்பி என்ற வாலோடு எழுதி, காலி எடை விழுந்த பிறகு டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றச் சொல்லுங்க. ஸ்கிரிப்ட் டிஎக்ஸ்டியை மட்டும் எடுக்கட்டும். அவர் மாட்டேன் என்றால், காலி எடை இல்லாத கோப்பைத் தொடாமல் விட்டுவிடும்படி ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடுங்க.