'தாக்சாசியோன்' என்றால் வரி இல்லையா? பிரெஞ்சு மொபைல் பில் மொழிபெயர்ப்பில் உதவி தேவை

புதுவைக்காரன்:
வணக்கம். பிரான்ஸ் மொபைல் பில் ஒன்றை ஆங்கிலமாக்கி லண்டன் வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். இன்று காலை திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கேள்வி: "பிரான்ஸில் பேசுகிற ஒவ்வொரு நொடிக்கும் வரியா?"

'தாக்சாசியோன் அ லா செகோந்த்' என்பதை 'டாக்ஸ் பெர் செகண்ட்' என்று எழுதியிருந்தேன். வேறென்ன போடுவது?

இன்னொன்று. சந்தா மார்ச் 1 முதல் 31 வரை, அழைப்புகள் பிப்ரவரி 1 முதல் 28 வரை என்று ஒரே பில்லில் இருக்கிறது. தேதி தவறா? பக்கத்தில் 'தெர்ம் ஆ எஷ்வார்', 'தெர்ம் எஷ்யூ' என்று இருக்கிறது. 'ஓர் ஃபோர்ஃபே'வுக்கு 'ஓவரேஜ்' போட்டேன், அதுவாவது சரியா?

பில்லிங்_பழையவர்:
இந்தத் துறையில் 'தாக்சாசியோன்' என்றால் அழைப்புக்குக் கட்டணம் கணக்கிடுவது, அவ்வளவுதான். 'பெர்-செகண்ட் பில்லிங்' என்று மாற்றுங்கள். 'டிக்கெ த தாக்சாசியோன்' வந்தாலும் பயப்படாதீர்கள், அது நம் சிடிஆர், அதாவது ஒவ்வொரு அழைப்பின் விவரப் பதிவு. உண்மையான வரி 'தே வே ஆ' வரிசையில் 20% என்று தனியாக இருக்கும், அதற்கு 'வாட்'.

தேதியில் கை வைக்காதீர்கள்! சந்தாவை முன்கூட்டியே வாங்குகிறார்கள், பேசியதற்குப் பேசி முடித்த பிறகு. முதலாவது 'பில்டு இன் அட்வான்ஸ்', இரண்டாவது 'பில்டு இன் அரியர்ஸ்'. நீங்கள் 'திருத்தியிருந்தால்' வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு உங்களைத் தேடி வந்திருக்கும்.

'ஓவரேஜ்' அமெரிக்க வழக்கு, அர்த்தமும் குறுகியது. பேக்கில் இருந்த அளவைத் தாண்டினால் மட்டும்தான் அது. 'ஓர் ஃபோர்ஃபே'வில் பேக்கில் சேராதவையும் வரும், கட்டண எண்களுக்கான (சேவைக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் எண்கள்) அழைப்பு மாதிரி. லண்டனுக்கு 'அவுட்-ஆஃப்-பண்டில் சார்ஜஸ்' என்று எழுதுங்கள்.

புதுவைக்காரன்:
மிக்க நன்றி. அந்தக் கட்டண எண்ணிலும் ஒரு சிக்கல். 08-இல் தொடங்கும் எண்ணுக்கு எதிரே 'செர்வீஸ் நிமிடத்துக்கு 0,80 யூரோ + பிரி அப்பெல்' என்று இருக்கிறது. பிரிட்டன் பில்களில் 'சர்வீஸ் சார்ஜ், ஆக்சஸ் சார்ஜ்' என்று பார்த்த ஞாபகம். அப்படியே வைத்துவிடலாமா?

மீனாட்சி_மொழி:
முதல் பாதி சரி, இரண்டாவது வேண்டாம். இரு நாடுகளிலும் 2015-இல்தான் இப்படிச் சேவைக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று என்று கட்டணத்தைப் பிரித்துக் காட்டுவது வந்தது: பிரிட்டனில் ஜூலை, பிரான்ஸில் அக்டோபர். அதனால் ஒன்றேபோல் தெரிகிறது. ஆனால் 'பிரி அப்பெல்' சாதாரண அழைப்பின் விலை. அளவில்லாமல் பேசும் பேக் இருந்தால் அந்தப் பகுதிக்குக் காசு இல்லை. பிரிட்டனின் ஆக்சஸ் சார்ஜ் அழைப்பவரின் தொலைபேசி நிறுவனம் தனியாக வைக்கும் கட்டணம், இலவச நிமிடங்களில் பொதுவாகக் கழியாது. 'பிளஸ் தி காஸ்ட் ஆஃப் எ ஸ்டாண்டர்ட் கால்' என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

0,80-இல் உள்ள காற்புள்ளியைப் புள்ளியாக்கினீர்களா? அதையும் ஒருமுறை பாருங்கள். பில்லில் 'அவ்வார்' இருந்தால் 'கிரெடிட் நோட்'. அந்தச் சொல்லுக்கு வினைச்சொல்லாக 'வைத்திருப்பது' என்றும் பொருள் உண்டு என்பதால் 'டு ஹேவ்' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுவைக்காரன்:
காற்புள்ளி ஆறு இடத்தில் அப்படியே இருந்தது. 'அவ்வார்' மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, 5 யூரோ கழிவு. நான் அதற்கு என்ன எழுதியிருந்தேன் என்று கேட்காதீர்கள்.