11 எச்பியை 15 ஆக்கப் போனேன்: இன்ஜினில் கை வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து:

என்னிடம் இருப்பது 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பா வாங்கிய வண்டி. 98 சிசி, நிமிடத்துக்கு 7,500 சுற்றில் (ஆர்பிஎம்) 11 எச்பி, அதாவது 11 குதிரைத்திறன். போர்ட்டிங் செய்தால், அதாவது இன்ஜினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழிகளை ராவிப் பெரிதாக்கினால், 15 வரும் என்று பட்டறையில் சொன்னார்கள். அப்போது எனக்கு 24 வயது, வேறெதையும் யோசிக்கவில்லை.

பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, புகை வெளியேறும் வழியை மேல்நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர் ராவினார்கள். நடுவில் வயிறு பருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் மாட்டி, கார்புரேட்டரையும் பெரிதாக்கினார்கள். முதல் நாள் ஓட்டியபோது ஆறாயிரத்துக்கு மேல் வண்டி பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சுகத்தை இன்றும் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆறாயிரத்துக்குக் கீழே வண்டி செத்துப்போயிருந்தது. புஷ்பா தியேட்டர் பக்கம் நெரிசலில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த இன்ஜினில் பிஸ்டன் 50 மி.மீ. மேலும் கீழும் போய்வருகிறது. அந்த வழியை 1 மி.மீ. உயர்த்தினாலே ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய 5 டிகிரி கூடுதலாகத் திறந்திருக்கும். வேகமாகச் சுற்றும்போது அது லாபம். மெதுவாகச் சுற்றும்போது எரிய வேண்டியது எரியாமலே வெளியே போய்விடும். அடியில் இருந்த இழுவையை எடுத்துத்தான் மேலே வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் நாம் ஓட்டுவது முக்கால்வாசி நேரம் அடியில்தான்.

மூன்றாவது மாதம் தாராபுரம் ரோட்டில் முழு ஆக்சிலரேட்டரில் இருபது நிமிடம் போயிருப்பேன். கணீரென்று வந்த சத்தம் திடீரென்று அடைத்தது போல ஆயிற்று. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்ததை ஓரமாக நின்ற பிறகுதான் பார்த்தேன்.

பிளாக்கைத் திறந்தபோது பிஸ்டனின் முன்பக்கம், அதாவது சைலன்சர் பக்கம், மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக உரிந்திருந்தது. அந்த அலுமினியம் போர் (பிஸ்டன் ஓடும் குழல்) சுவரில் ஈயம் பூசியது போல ஒட்டியிருந்தது. ரிங் அதன் பள்ளத்திலேயே அசையாமல் சிக்கிக்கிடந்தது. ஸ்பார்க் பிளக்கை எடுத்தால் காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காற்று போகும் வழியைப் பெரிதாக்கியவர்கள் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை அதற்கேற்ப ஏற்றவில்லை.  காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாமல் குறைந்தால் சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் இரும்பு போரைவிட அதிகம் விரிவது. நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி அப்புறம் எங்கே இருக்கும்?

ஜெட் சரியாக இருந்திருந்தாலும் கணக்கு நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. 7,500-ஐ 9,000 ஆக்கினால் சுற்று 20 சதவீதம்தான் கூடுகிறது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுப்போ 44 சதவீதம் கூடும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகளைக் காட்டி வாதாடாதீர்கள். ரேஸ் இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்து பிஸ்டன், ரிங் மாற்றுவார்கள். நாம் அப்படிச் செய்வோமா?

இதற்கெல்லாம் கிடைத்த வேகம் எவ்வளவு என்றும் பாருங்கள். காற்றை எதிர்த்துப் போகத் தேவையான பவர் வேகத்தின் மும்மடியாக ஏறும். 100-இல் போகும் வண்டிக்கு பவரை 11-இலிருந்து 15 ஆக்கினால் சுமார் 111 போகும். அந்தப் பதினொரு கிலோமீட்டருக்காக அப்பா 23 வருடம் ஓட்டிய பிஸ்டனை மூன்றே மாதத்தில் தின்றேன். முன்னால் இருப்பது அதே டிரம் பிரேக்தான்.

சேலத்திலிருந்து:

அண்ணா, படிக்கும்போதே வயித்தைக் கலக்குச்சு. நல்லவேளை, ஒண்ணும் ஆகல. என்னோடது 1.3 லிட்டர் டர்போ டீசல் கார். கம்பெனிக் கணக்கு 75 எச்பி, 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. ரீமேப் பண்ணினா, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற மேப்பை (கணக்கை) மாத்தினா, 95, 240 வரும்னு சொன்னாங்க. பொய் சொல்லல, வந்துச்சு. காத்தை அழுத்தி உள்ள தள்ற டர்போ வண்டியில கம்ப்யூட்டரை மாத்தினாலே காத்தையும் டீசலையும் கூட்டலாம், அதனால நிஜமாவே வித்தியாசம் தெரியும். ஓவர்டேக் பண்றப்ப கியர் குறைக்கவே வேண்டாம்.

ஆறு மாசம் கழிச்சு குடும்பத்தோட ஏற்காடு ஏறினேன். அஞ்சு பேரு, டிக்கி நிறைய சாமான். ஒரு வளைவு தாண்டி மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் விர்ருனு ஏறுது, வண்டி அதே வேகத்துலயே போகுது. கருகின நாத்தம் காருக்குள்ள வந்துச்சு, பொண்ணு வாந்தி எடுத்துட்டா. கிளட்ச் பிளேட் போயிருச்சு. 190-க்குக் கொஞ்சம் மேல தாங்கற மாதிரி செஞ்ச பிளேட்டு 240-க்கு எத்தனை நாள் நிக்கும்? புதுசு போட்டேன், மேப்பையும் பழசுக்கே மாத்திட்டேன்.

மிதிக்கும்போது கரும்புகை வந்ததை முதல்ல பவர்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். அது காத்து பத்தாம எரியாமப் போற டீசல். சட்டத்தையும் பார்த்துக்கங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறையும் போடலாம்.

கோவையிலிருந்து:

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என் 200 சிசி பைக்கில் திறந்த ஃபில்டரும் சத்தம் போடும் சைலன்சரும் மாட்டி, பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். உச்சியில் ஒரு எச்பிகூட முழுசாகக் கூடவில்லை. நடுவில் 4,000–5,000-இல் டார்க் முன்பைவிடக் குறைந்திருந்தது. சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் சொல்கிறபடி கம்ப்யூட்டர் பெட்ரோலை, எடையில் காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுகிறது. டர்போ இல்லாததால் காற்றை உள்ளே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான், அதற்கு மேல் என்ன செய்ய? ஊட்டி 2,240 மீட்டர். அங்கே ஏறினால் காற்று மெலிந்து பவரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நான் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியதைவிடப் பல மடங்கு அது.

திருப்பூரிலிருந்து:

சேலம் தம்பி, பாப்பா இப்போது நலம்தானே? உங்களுக்குப் பழைய மேப்பை மறுபடி ஏற்ற முடிந்தது. கோவை நண்பருக்கும் சைலன்சரைக் கழற்றினால் போதும். நான் போரைக் கடைந்து ரீபோர் செய்து, கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் பழையபடி மாட்டிவிட்டேன். ராவின இரும்பு மட்டும் திரும்பி வராது. அடியில் அந்த இழுவை இன்னும் இல்லை. அப்பா எப்போதாவது எடுத்துப் போய்விட்டு வந்து, "இது நம்ம வண்டி மாதிரி இல்லையே" என்கிறார்.

கம்பெனி பிளாக், போர்ட்டில் அரம் படாதது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். போர் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.